நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சொல்

ஒரு நாவல் பிடித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மருந்து வாங்க வருகிறவர்களிடம்கூட, இருமல் இருக்கட்டும், இதைப் படித்தீர்களா என்று கேட்டுத் தொலைத்திருக்கிறேன். பாமசி முதலாளி இரண்டு முறை எச்சரித்துவிட்டார். என்ன செய்வது, எனக்கு வாய் நீளம். அந்த வாய் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஐந்து பேர். வட்டம் என்றதும் பெரிய சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் லெட்சுமி அக்காவின் தையல் கடை பூட்டியிருக்கும். பின்கதவால் உள்ளே போய், தைத்து முடித்த பாடசாலைச் சீருடைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காருவோம். நான், லெட்சுமி அக்கா, அவர் வளர்த்த தங்கை மகள் சுலக்ஷனா, ஓட்டோ ஓட்டும் வீரய்யா அண்ணன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தமிழ் படிப்பிக்கும் கௌசி டீச்சர். ஒவ்வொரு போயாவுக்கும் ஒருவர், அண்மையில் வந்த ஒரு நாவலைப் பரிந்துரைக்க வேண்டும். எழுந்து நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. "நல்லா இருந்துச்சு", "சோகமா இருந்துச்சு" என்ற இரண்டு வாக்கியங்களுக்கும் தடை. தடை போட்டது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். பேசி முடிந்ததும் அந்த ஒரே பிரதி, ஆளுக்கு ஒரு கிழமையாகக் கைமாறும்.

போன ஆடிப் போயா என் முறை. நான் கொண்டுபோனது 'கடைசிக் காம்பிரா'. எழுதியவர் கஜதீபன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருசத்துக்கு முன் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வாத்தியாராக இருந்தவர் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், வெளியிலிருந்து வந்தவர்கள் எங்களைப் பற்றி எழுதினால் எனக்கு முதல் பக்கத்திலேயே பற்றிக்கொண்டு வரும். பனி, பச்சை, கூடை, கண்ணீர். இந்த நாலையும் கலக்கி ஊற்றிவிட்டு நாவல் என்பார்கள். இந்த மனிதர் அப்படி எழுதவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகளின் கடைசி அறையில், அதாவது கடைசிக் காம்பிராவில், செவ்வந்தி என்றொரு இளம் தாய். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. பக்கத்து அறையில் அவளுடைய அக்கா. ஒரு நாள் செவ்வந்தி தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். அது நாவலின் நடுவிலேயே வந்துவிடுகிறது, அதனால் நான் அதைச் சொன்னதில் விதிமீறல் இல்லை. ஊருக்கு வந்து இரண்டு கிழமையே ஆன இளம் வாத்தியார், ஒப்பாரிச் சத்தம் கேட்டு ஓடிவருகிறார். வாசலில் நிற்கும் அக்காவிடம் என்ன நடந்தது என்று கேட்கிறார். அது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அதை நான் வாசித்தே காட்டினேன்.

"அவள் என் கண்ணைப் பார்த்தாள். நடந்ததை ஒரே சொல்லில் சொன்னாள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லுமுன் நூறு சொல் சொல்வோம். காய்ச்சல் என்போம், நெஞ்சுவலி என்போம், குரலைத் தாழ்த்துவோம். அவள் எதையும் மறைக்கவில்லை. அப்படி உண்மை பேசிய ஒருத்தியை நான் அதன்பிறகு சந்திக்கவில்லை."

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். "இந்த நாவலே அந்த அக்காவுக்காகத்தான்" என்றேன். "நம்ம பக்கத்துல பொய் சொல்லாத ஒரு பொம்பளைய இப்பதான் ஒருத்தரு எழுதியிருக்காரு. இத படிக்காம இருந்தா பாவம், சொல்லிட்டேன்."

வீரய்யா அண்ணன் முதல் ஆளாகக் கையை நீட்டினார். லெட்சுமி அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எப்போதும் கைவேலையோடுதான் இருப்பார். அன்று நூல் கோத்த ஊசியைக் கடைசிவரை துணியில் குத்தவே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் ஞாபகம் வந்தது. சுலக்ஷனா தாதி, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, வரவில்லை. அவளுக்காக நான் பேசியது முழுவதையும் மறுபடி வாட்ஸ்அப்பில் பேசி எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். பதினோரு நிமிடம். என் அவசரத்தைப் பாருங்கள்.

வீரய்யா அண்ணன் ஓட்டோ ஹயருக்கு ஆள் வரக் காத்திருக்கும் நேரத்திலேயே நாலு நாளில் முடித்து, புத்தகத்தை லெட்சுமி அக்காவிடம் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை மத்தியானம், நல்ல மழைக்குள் லெட்சுமி அக்கா பாமசிக்கு வந்தார். புத்தகத்தை வெள்ளைச் சீருடைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பையில் போட்டிருந்தார்.

"பிரேமினி, இத நீயே வச்சுக்க. சுலக்ஷனாவுக்கு குடுக்காத."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஏங்க்கா, அவ என்ன பச்சப்புள்ளையா? இருபத்தஞ்சு வயசு. வார்டுல தெனமும் சாவ பாக்குறவ. பொஸ்தகத்த மறைச்சு வைக்கிறதுக்கு நாம வாசகர் வட்டமா, இல்ல பொலிஸா?"

நான் அதோடு விட்டேனா? படிக்கத் தெரிந்தவர்களே இப்படிச் செய்தால் என்று ஆரம்பித்து, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"முடிச்சிட்டியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் நான் வாயை மூடினேன்.

"அந்த அக்கா நாந்தான்."

மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்கு அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். துடைத்துக்கொள்ளத் துவாய் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"எந்தங்கச்சி பேரு புஸ்பராணி. செவ்வந்தின்னு எழுதியிருக்கிறது அவளத்தான். எப்புடி செத்தான்னு லயத்துல இருந்தவங்களுக்கு தெரியும், பொலிஸுக்கு தெரியும். புள்ளைக்கு மட்டும் நான் சொல்லல. அம்மா தூங்குனா, எந்திரிக்கவே இல்லன்னு சொன்னேன். முப்பதாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட புள்ளைய தூக்கிக்கிட்டு ஹட்டனுக்கு வந்துட்டேன். அந்தத் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல."

"அந்த சார்கிட்ட உண்மைய சொன்னீங்களே."

"எங்க சொன்னேன்? அவருகிட்டயும் பொய்தான். புதுசா வந்த மனுசன். அவரோட ஸ்வெட்டர கழட்டி புள்ளைக்கு போட்டுவிட்டுட்டு, என்னாச்சுன்னு கேட்டாரு. தூங்கிட்டா சார்ன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. அப்புறம் லயத்துல யாராவது அவருக்கு உண்மைய சொல்லியிருப்பாங்க, அது சரி. ஆனா நான் சொன்னதா ஏன் எழுதுனாரு? பொய் சொன்னவள ஏன் இப்புடி தூக்கி வச்சாரு?"

எனக்கும் விளங்கவில்லை. கதைக்காக மாற்றியிருப்பார் என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இன்னொன்னு இருக்கு. அது பொஸ்தகத்துல இல்ல. அன்னைக்கி பொழுது சாயிற நேரம் அவ என் வாசலுக்கு வந்தா. அக்கா, ஒங்கிட்ட ஒன்னு பேசணும்னா. நான் நாள் பூரா மழையில கொழுந்தெடுத்துட்டு வந்திருந்தேன். எதுவா இருந்தாலும் காலையில பேசிக்கலாம், பேசாம போயி தூங்குன்னு வெரட்டி விட்டேன்."

துவாயை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சுலக்ஷனாவுக்கு தூக்கம்னா பயம். ஒனக்கே தெரியும்ல?"

தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரவு டியூட்டியை வலியக் கேட்டு வாங்குவாள். வீட்டில் படுத்தால் போனில் மூன்று அலாரம் வைப்பாள். சின்ன வயதில், லெட்சுமி அக்கா அசந்துவிட்டால் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாளாம். இன்றைக்கும் பார்க்கிறாள். ஒன்னைய கட்டிக்கப்போறவன் பாவம்டி என்று நான் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்.

"தூக்கம்தான் அவ அம்மாவ கொண்டுபோயிருச்சுன்னு நம்புறா. நாந்தான் நம்ப வச்சேன். இப்ப போயி மாத்தி சொன்னா இருபது வருசம் ஏமாத்துனவளா ஆயிருவேன் பிரேமினி. எனக்கு அவள விட்டா யாரு இருக்கா?"

நான் புத்தகத்தை வாங்கிப் பாமசி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அட்டை கழன்றுவிட்டது, ஒட்டக் கொடுத்திருக்கிறேன் என்று குழுவில் ஒரு செய்தி போட்டேன். பொய் சொல்லாத பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கியவள், பத்தே நாளில் கூசாமல் பொய் எழுதினேன்.

ஆவணிப் போயா வந்தது. அந்த நாவலைப் பரிந்துரைத்தது என் தவறு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தேன். எங்கள் வட்டத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. வீரய்யா அண்ணன் ஆறு மாதத்துக்கு என்னை வைத்துச் செய்வார், பரவாயில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன்.

"பிரேமினிக்கா, கொஞ்சம் இருங்க. இன்னைக்கி நான் பேசணும்" என்றாள் சுலக்ஷனா.

டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பையைத் திறந்து ஒரு புத்தகத்தை வெளியே எடுத்தாள். 'கடைசிக் காம்பிரா'. புத்தம் புதிய பிரதி.

"அது என்ர" என்றார் கௌசி டீச்சர். "பிரேமினி கதைச்ச கதையில எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு. கொழும்பில இருந்து எடுப்பிச்சனான். நான் கிளினிக்குக்குப் போன நேரம் சுலக்ஷனா கேட்டா, குடுத்திட்டன்."

நான் அலுமாரியைப் பூட்டி என்ன பயன்? என் வாயை யார் பூட்டுவது? லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். அவர் தையல் மெசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுலக்ஷனா பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தாள். பெரியவர் அளவில் ஒரு பச்சை ஸ்வெட்டர். மேல் பொத்தான்கள் இரண்டும் இல்லை.

"வாத்தியாரு அந்தப் புள்ளைக்கு போட்டுவிடுற ஸ்வெட்டர் பச்சன்னு எழுதியிருக்காரு. மேல் பொத்தான் ரெண்டும் இல்லன்னும் எழுதியிருக்காரு. இது எங்க வீட்டு அலுமாரியில இருபது வருசமா இருக்கு. அந்தப் புள்ள நாந்தான். இது எங்கம்மா கத." நாள்கணக்கில் தயார் செய்த பேச்சு என்று தெரிந்தது. "ஆனா இதுல ஒரு பெரிய பிழை இருக்கு. எங்கம்மா அப்புடி சாகல. தூக்கத்துல போனாங்க. இந்த சாருக்கு தப்பா வெளங்கிருச்சு. எப்புடின்னு ஒரு கிழமையா யோசிச்சேன். டீச்சர், நீங்க சொல்லுங்க, ஒங்க ஊர்ல தூங்குறதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"நித்திரை கொள்ளுறது எண்டு சொல்லுவம்."

"அப்ப தூங்குறதுன்னா?"

கௌசி டீச்சர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சர்."

"தொங்குறது" என்றார் டீச்சர் மெதுவாக. "ஒராள் தூங்கிட்டார் எண்டால், எங்கட பக்கம், கழுத்தில கயிறு போட்டு..." முடிக்கவில்லை.

"பாத்தீங்களா?" சுலக்ஷனாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "போன மாசம் எங்க வார்டுல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, மகன் தூங்கப் பாத்தவன்னு அழுதாங்க. நல்லா தூங்கட்டும்மான்னு சொல்லிட்டேன். டொக்டர் என்னைய ஏசுனாரு. அப்பதான் எனக்கே தெரியும். அந்த ஒரே சொல்லு என்னன்னு இந்த சாரு எழுதல. ஆனா எனக்கு தெரியும். இது யாரு ஸ்வெட்டர்ன்னு கேக்குறப்பல்லாம் பெரியம்மா சொல்லுவாங்க, 'தூங்கிட்டா சார்ன்னு சொன்னேன், மனுசன் அப்புடியே நின்னுட்டாரு'ன்னு. பெரியம்மா சொன்னது ஒன்னு, அவருக்கு கேட்டது ஒன்னு. வந்து ரெண்டு கிழமதான் ஆச்சு, அவருக்கு நம்ம பேச்சு எங்க தெரியும்? பாவம், அவரு மேல குத்தமில்ல."

வீரய்யா அண்ணன், "அட கடவுளே" என்று தொடையில் தட்டினார். இத்தனை நாளாக எனக்கும் லெட்சுமி அக்காவுக்கும் விளங்காதிருந்தது விளங்கிவிட்டது. அவர் சொன்ன பொய், அந்த மனிதரின் காதில் உண்மையாகப் போய் விழுந்திருக்கிறது. பின்னால் லயத்தில் கேட்டதும் அதோடு ஒத்துப்போனதால், தனக்குத் தப்பாகக் கேட்டதென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சுலக்ஷனா இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை விரித்தாள். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கியிருந்தது. அடுத்த பதிப்பில் அந்தச் சாவைத் திருத்த வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"எல்லாரும் கையெழுத்து போடுங்க. ஊரே இத படிக்குது. எங்கம்மா என்னைய விட்டுட்டு போற ஆளு இல்ல. எனக்கு தெரியும்."

வீரய்யா அண்ணன் போட்டார். கௌசி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு போட்டார். கடிதம் என்னிடம் வந்தது. நான் போட்டேன். பொய் என்று தெரிந்தே, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்குத் தைரியம் இல்லை. இப்படியே முடிந்துவிடட்டும், யாழ்ப்பாணத்துக் காதின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"பெரியம்மா, கடைசியா நீங்க. நீங்க போட்டாதான் அவரு நம்புவாரு."

லெட்சுமி அக்கா பேனையை வாங்கினார். கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பேனையின் மூடியைத் திருகி மூடி, மெசின் மேல் வைத்தார்.

"சாருக்கு சரியாத்தான் கேட்டுருக்கு. நாந்தான் தப்பா சொன்னேன்."

சுலக்ஷனா சிரித்தபடியே நின்றாள். அவளுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. "என்ன பெரியம்மா சொல்றீங்க?"

லெட்சுமி அக்கா அவள் கண்ணைப் பார்த்தார். "ஒங்கம்மா நாண்டுக்கிட்டா, தாயி."

வெளியே மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"தூக்கம் அவள ஒன்னும் செய்யல. தூக்கம் யாரையும் ஒன்னும் செய்யாது. நீ சின்னப்புள்ள, அதான் அப்புடி சொன்னேன். அப்புறம் மாத்தி சொல்ல எனக்கு வாய் வரல. நீ ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டு கெடந்தது என்னால. அன்னைக்கி அவ ஏதோ சொல்லத்தான் என் வாசலுக்கு வந்தா. காது குடுக்காம போயி தூங்குன்னு வெரட்டுனதும் நாந்தான். இந்த சாரு நான் உண்மைய சொன்னேன்னு எழுதியிருக்காரு. ஊரே அத படிக்குது. நீயாவது என் வாயால உண்மைய கேளு."

சுலக்ஷனா கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். புத்தகத்தைக் கௌசி டீச்சரின் மடியில் வைத்தாள். பின்கதவால் வெளியே போனாள். ஸ்வெட்டர் மெசின் மேலேயே கிடந்தது. வீரய்யா அண்ணன் பின்னால் எழுந்தபோது, "விடுங்க" என்றார் லெட்சுமி அக்கா. அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். கௌசி டீச்சர் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என் வாய்க்கு வரவில்லை.

ஒன்பது நாள் சுலக்ஷனா வீட்டுக்கு வரவில்லை. தாதிமார் விடுதியில் ஒரு சிநேகிதியோடு தங்கிவிட்டாள். யார் அழைத்தும் போன் எடுக்கவில்லை. நானும் செய்தி ஒன்றை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். லெட்சுமி அக்கா ஒரு நாள்கூடக் கடையை மூடவில்லை. போகும்போதும் வரும்போதும் கண்ணாடிக்குள்ளே பார்ப்பேன். தலை குனிந்து தைத்துக்கொண்டிருப்பார். மெசினுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை ஸ்வெட்டர் மடித்தபடி இருக்கும். ஒரு நாள் பார்த்தபோது மேலே இரண்டு புதுப் பொத்தான்கள் வைத்திருந்தார்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு அவர் பாமசிக்கு வந்தார். கடையைத் திறக்கவில்லை என்றார்.

"என்னாச்சுக்கா?"

"வந்துட்டா. நேத்து சாயங்காலம்."

"என்ன சொன்னா?"

"ஒன்னும் சொல்லல. என் மொகத்தகூட பாக்கல. ஸ்வெட்டர் எங்கன்னு கேட்டா, குடுத்தேன். பொத்தான தடவி பாத்துட்டு, அத போத்திக்கிட்டு படுத்துட்டா. போன் மேசையில கெடக்கு, அலாரம் ஒன்னும் வைக்கல. நான் வெளிக்கிட்டு வர்ற வரைக்கும் அசையவே இல்ல."

"எழுப்பலையா?"

"எழுப்பல. பயந்துக்கிட்டு மூக்குகிட்ட வெரல கொண்டுபோனேன் பிரேமினி. அப்புறம் வைக்காமலே எடுத்துட்டேன். தூங்கட்டும்."